மாத்திரையை நிறுத்தியதும் கண் ஏன் தடுமாறுகிறது?

மூன்றாம் நாள் மாலை அது தொடங்கியது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்த லாரி கடந்துபோன பிறகும் அதன் முகப்பு விளக்கின் வெளிச்சம் வால்போல இழுபட்டு ஒரு நொடி அப்படியே நின்றது. டிக்கெட் கேட்ட நடத்துநர் பக்கம் பார்வையைத் திருப்பினேன். திருப்பிய கணத்தில் மண்டைக்குள் ‘சுரீர்’ என்று ஏதோ ஓடி அடங்கியது. சிறுவயதில் டிரான்சிஸ்டருக்குப் போடும் சதுர பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்ப்போமே, அந்த அதிர்ச்சி மூளைக்குள் பட்டால் எப்படி இருக்கும், அப்படி. வலி இல்லை. ஆனால் மறுபடி கண்ணைத் திருப்பப் பயமாக இருந்தது.

மனச்சோர்வுக்காக எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் மாத்திரையை இரண்டு வருடமாகச் சாப்பிட்டு வந்தேன். மனம் தேறிவிட்டது. ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை அட்டை தீர்ந்துபோனது. நன்றாகத்தானே இருக்கிறோம், இனி எதற்கு என்று நானே நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கண் மருத்துவமனைக்குப் போனேன். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தேன். பவர் மாறவில்லை. கண் அழுத்தம் சரியாக இருந்தது. சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்த்தார்கள். “கண்ணு நல்லா இருக்கு சார், ஒண்ணும் இல்ல” என்றார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, எதுவும் இல்லை என்றேன். அது உண்மைதான். சமீபத்தில் எதையாவது நிறுத்தினீர்களா என்று அவர்கள் கேட்கவில்லை; எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இன்னும் சில நாள் தவித்துவிட்டு மனநல மருத்துவரிடம் போனேன். நான் பேசி முடிப்பதற்குள் அவர் கேட்டார்: “மாத்திரையை என்னைக்கு நிறுத்துனீங்க?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டு வாரம் பயந்து சாக வேண்டியிருந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இன்று அதிகமாக எழுதித் தரப்படும் மருந்துகள் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெடின், பாராக்ஸெடின் போன்றவை. ஒரு நரம்பணு தன் பக்கத்து நரம்பணுவுக்குச் செய்தி சொல்ல செரோடோனின் என்ற வேதிப்பொருளை இடைவெளியில் உமிழ்கிறது. செய்தி போய்ச் சேர்ந்ததும், உமிழ்ந்த அணுவே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சும் வேலையைச் செய்வது அணுச் சவ்வில் இருக்கும் கடத்திப் புரதம். இந்த மருந்துகள் அந்தக் கடத்தியின் வாயை அடைக்கின்றன. செரோடோனின் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்குகிறது. வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸெடின் போன்றவை இதோடு நார்அட்ரினலின் கடத்தியையும் அடைக்கும்.

மூளை இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. பக்கத்து வீட்டில் ஒலிபெருக்கி கட்டினால் நாம் ஜன்னலைச் சாத்துவதுபோல, கூடிவிட்ட செரோடோனினுக்கு ஏற்பத் தன் வாங்கிகளைக் குறைத்துக்கொள்கிறது, உணர்திறனைத் தணித்துக்கொள்கிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும் ஏற்பாடு இது. திடீரென்று ஒருநாள் மாத்திரை நின்றுவிட்டால் ஒலிபெருக்கி ஓய்ந்துவிடுகிறது. ஜன்னல்கள் மட்டும் சாத்தியபடியே இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் திறக்க மூளைக்கு நாள் பிடிக்கும். அதுவரை செரோடோனினை நம்பி ஓடும் எல்லா வேலையும் தள்ளாடும்: தூக்கம், வயிறு, நடை, மனநிலை, பார்வை.

பார்வை எப்படி இதில் வந்தது என்பதுதான் பலருக்கும் புரியாத இடம். நாம் கண்ணால் பார்ப்பதாக நினைக்கிறோம். கண் வெறும் வெளிச்சத்தை வாங்கித் தருகிறது. பார்வையைக் கட்டுவது மூளை. நம்பச் சிரமமாக இருந்தால் இரண்டு சின்னச் சோதனைகளைச் செய்து பாருங்கள்.

கையை நீட்டிக் கட்டைவிரலை முகத்துக்கு நேரே நிறுத்துங்கள். விரலை அசைக்காமல், ‘இல்லை இல்லை’ என்று சொல்வதுபோலத் தலையை வேகமாக ஆட்டுங்கள். விரல் ரேகை தெளிவாகத்தான் தெரியும். இப்போது தலையை அசைக்காமல் விரலை அதே வேகத்தில் ஆட்டுங்கள். மங்கிக் கலங்கிவிடும். இரண்டிலும் வேகம் ஒன்றுதான். முதல் முறை மட்டும் ஏன் கலங்கவில்லை? உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, தலை எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று அளந்து, நொடியில் சுமார் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. தலை வலப்பக்கம் போனால் கண் இடப்பக்கம் போகும். இந்தக் கணக்கைப் போடும் இடம் மூளைத்தண்டில் இருக்கும் சமநிலை நரம்பு முடிச்சுகள். செரோடோனினைத் தயாரிக்கும் ராஃபே என்ற அணுத்திரளிலிருந்து இந்த முடிச்சுகளுக்கு நேரடியாக நரம்பிழைகள் போகின்றன. அந்தப் பக்கம் செரோடோனின் வரத்து சட்டென்று மாறும்போது கணக்கு ஒரு மயிரிழை பிசகும். தலையைத் திருப்பினால் உலகம் கொஞ்சம் தாமதமாகப் பின்னால் வருவதுபோல இருக்கும். பலரும் ‘கண் பின்தங்குது’, ‘கண்ணு இழுக்குது’ என்று சொல்வது இதைத்தான்.

இரண்டாவது சோதனைக்குக் கண்ணாடி வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடியில் உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், உடனே வலது கண்ணைப் பாருங்கள், மறுபடி இடது. உங்கள் கண் நகர்வதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். விழித்திருக்கும் நேரமெல்லாம் நம் கண் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை தாவுகிறது. ஒவ்வொரு தாவலின்போதும் படம் கலங்கத்தான் செய்யும். அந்தக் கலங்கலை நமக்குக் காட்டாமல் மூளை அமுக்கிவிடுகிறது. நாம் அறியாமல் நடக்கும் எத்தனை பெரிய வேலை இது என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தாவலோடு ஒட்டிக்கொண்டதுதான் மண்டைக்குள் வரும் மின்னதிர்ச்சி. நோயாளிகளே எழுதிய அனுபவக் குறிப்புகளைத் திரட்டி அலெக்ஸாண்டர் பாப், ஜூலி ஓன்டன் இருவரும் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கண்ணைப் பக்கவாட்டில் திருப்புவது இந்த அதிர்ச்சியைக் கிளப்பிவிடுகிறது என்று அந்தக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. அதைப் படித்தபோது அந்தப் பேருந்து ஜன்னல் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கோ இருக்கும் யார் யாரோ அதே அசைவை, அதே சுரீரை எழுதியிருந்தார்கள். கற்பனை செய்துகொள்கிறோமோ என்று இரவெல்லாம் உழன்றவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்.

அடுத்தது மூளையின் பின்பக்கம் இருக்கும் பார்வைப் புறணி. விழித்திரையிலிருந்து வரும் செய்தி முதலில் வந்து இறங்கும் அடுக்கில் செரோடோனின் இழைகள் அடர்த்தியாகப் பின்னிக் கிடக்கின்றன. குரங்குகளில் செய்த ஆய்வுகளின்படி, செரோடோனின் அங்கே பெரும்பாலும் ஒலியளவைக் குறைக்கும் திருகுபோல வேலை செய்கிறது. பார்க்கும் பொருளை மாற்றுவதில்லை. அதற்கு நரம்பணு காட்டும் துடிப்பின் அளவைத் தணிக்கிறது. அந்தத் திருகு தளர்ந்துபோனால் என்னென்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். சாதாரண வெளிச்சமே கண்ணைக் கூசும். பார்த்து முடித்த உருவம் அழியாமல் கொஞ்ச நேரம் தங்கும். ஓடும் விளக்கு வால் விடும். கண்ணுக்குள் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் ‘பூச்சி’கள், மூளை வடிகட்டிவிட்டதால் இத்தனை நாள் தெரியாமல் இருந்தவை, வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் கண்முன் பறக்கும். சிலருக்குப் பார்வை முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் மினுங்கும். தூர்தர்ஷன் நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு பழைய டி.வி. திரையில் இரைச்சலோடு ஓடுமே, அந்தப் புள்ளிகள். இதற்கு ‘விஷுவல் ஸ்னோ’ என்று பெயர். 2014இல் நரம்பியலாளர்கள் இதைத் தனி நோய்க்குறியாக வரையறுத்தார்கள். அது வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு எந்த மருந்தோடும் தொடர்பில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கண்ணிலேயே நடக்கும் மாற்றங்களும் உண்டு. கண்பாவையைச் சுருக்கும் தசையும் விரிக்கும் தசையும் தன்னியக்க நரம்புகளின் கையில் இருக்கின்றன. மருந்து சாப்பிடும்போதே பலருக்குப் பாவை சற்று விரியும். நிறுத்தும்போது உடம்பு பதற்ற நிலைக்குப் போவதால் அப்போதும் விரியலாம். விரிந்த பாவை வழியே வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும், பார்வைக் கூர்மை குறையும், இரவில் எதிர் வெளிச்சம் சிதறும். அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய மருந்துகள் அசிட்டைல்கோலினையும் தடுப்பவை. அவற்றைச் சாப்பிடும்போது கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும், கண் உலரும். நிறுத்தினால் அந்தத் தடை நீங்கி, குவியத்தை மாற்றும் தசை தன் பழைய அளவுக்குத் திரும்பச் சில நாள் ஆகும்.

இந்த நேரத்தில் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொள்ளாதீர்கள். பவர் இன்று ஒரு மாதிரி, அடுத்த வாரம் ஒரு மாதிரி இருக்கலாம். காசுதான் போகும்.

ஆனால் கண் மருத்துவரிடம் போகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். கண்ணைத் திருப்பும்போது மின்னல் தெரிவது மாத்திரை நின்றதால் மட்டும் வருவதில்லை. கண்ணுக்குள் இருக்கும் கூழ்மம் வயதாக ஆக விழித்திரையிலிருந்து பிரியும்போதும் கண்ணை அசைத்தால் ஓரத்தில் பளிச்சென்று வெட்டும். விழித்திரை கிழிவதற்கும் அதுவே முன்னறிகுறி. வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம்: ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை மூடிப் பாருங்கள். மின்னலோ மங்கலோ ஒரே கண்ணில் மட்டும் இருந்தால் பழி மாத்திரை மீது இல்லை. கோளாறு அந்தக் கண்ணில்தான். இரண்டு கண்ணிலும் ஒரேபோல இருந்தால் மூளைப் பக்கம் காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். இது வெறும் துப்புதான், தீர்ப்பு இல்லை. பூச்சிகள் திடீரென்று கூட்டமாகத் தோன்றினாலும், பார்வையின் ஓரத்தில் திரை விழுந்தாற்போல இருண்டாலும் அன்றைக்கே விழித்திரையைக் காட்ட வேண்டும். கண் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் அது கண் அழுத்தம் திடீரென்று ஏறும் கிளௌகோமாவாக இருக்கலாம். பாவையை விரிக்கும் மருந்துகளால், கண்ணின் வடிகால் கோணம் குறுகியவர்களுக்கு அது வரக்கூடும் என்று இந்த மாத்திரைகளின் குறிப்புத்தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. சில மணி நேரத் தாமதம்கூடப் பார்வையைப் பறித்துவிடலாம். பேச்சுக் குழறல், முகம் ஒருபக்கம் கோணுவது, கை கால் மரத்துப்போவது ஆகியவற்றோடு இரட்டைப் பார்வை வந்தால் பக்கவாதம் என்று எடுத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். மாத்திரை நிறுத்தியதால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

இவை எதுவும் இல்லை, கண் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், மிச்சம் நாளைக் கடத்துவதுதான். அதில் எனக்குக் கைகொடுத்தவற்றைச் சொல்கிறேன்.

கண்ணை மட்டும் வெடுக்கென்று திருப்பாமல் தலையையும் உடம்பையும் சேர்த்து மெதுவாகத் திருப்பப் பழகினேன். அந்தச் சுரீர் பாதியாகக் குறைந்தது. சாலையைக் கடக்கும்போது முழு உடம்போடு திரும்பி நின்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தேன். இரவில் வண்டி ஓட்டுவதை அடியோடு நிறுத்தினேன். இரு சக்கர வண்டியில் போகிறவர்களுக்கு எதிரே வரும் ஹைபீம் விளக்கு வால் விட்டால் விபத்துக்கு அதுவே போதும். கைபேசித் திரையை விரலால் சரசரவென்று தள்ளிக்கொண்டே போவதுதான் எனக்கு மிகவும் மோசமாக இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, ஓடும் படங்களைத் தவிர்த்துப் படித்தேன். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கண் உலர்ந்தால் மங்கல் இன்னும் கூடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி எதையாவது இருபது நொடி பார்த்துக் கண்ணை மூடித் திறக்கச் சொல்வார்கள். எளிய வழி, செய்யலாம்.

கூசுகிறதே என்று வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போடுவது, ஜன்னலை எல்லாம் மூடி இருட்டில் கிடப்பது இரண்டும் நாள்பட்டால் கெடுதல். கண் இருட்டுக்குப் பழகிவிட்டால் சாதாரண வெளிச்சமும் குத்தும். வெயிலில் போகும்போது தொப்பியும் கண்ணாடியும் போதும். வீட்டில் குழல்விளக்கை நேரே பார்க்காதபடி உட்கார்ந்தால் சரி. தூக்கம் கெட்ட நாளில் எல்லா அறிகுறியும் இரட்டிப்பாகத் தெரிந்தது. மதுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் யாராவது மாத்திரையைக் குறைத்துக்கொண்டிருந்தால், இரவில் குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கை எரிய விடுங்கள். பார்வையும் சமநிலையும் சேர்ந்து தடுமாறும்போது கீழே விழுவதுதான் அவர்களுக்குப் பெரிய ஆபத்து.

இதெல்லாம் வந்த பிறகு சமாளிப்பது. வராமல் பார்த்துக்கொள்ளும் வழி மாத்திரையைக் குறைக்கும் விதத்தில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக எப்படிக் குறைக்கிறோம்? முழு மாத்திரை, பிறகு பாதி, பிறகு கால், பிறகு ஒன்றுமில்லை. படிப்படியாகத்தானே இறங்குகிறோம் என்று தோன்றும். மூளையில் நடப்பது வேறு. கடத்திப் புரதங்களில் எத்தனை விழுக்காட்டை மருந்து அடைத்திருக்கிறது என்பதை ஸ்கேன் எடுத்து அளக்க முடியும். என் மருந்துக்கு அண்ணன் முறையான சிட்டலோபிராமில் அளந்த கணக்கைப் பாருங்கள். 20 மில்லிகிராம் சாப்பிட்டால் சுமார் 80 விழுக்காடு அடைபடுகிறது. அதை இரட்டிப்பாக்கி 40 சாப்பிட்டாலும் 86க்குப் பக்கத்தில்தான் வருகிறது. 20இலிருந்து 10க்குக் குறைத்தால் சுமார் 70. 5க்குக் குறைத்தால் சுமார் 60. அதாவது மாத்திரையில் முக்கால் பங்கை வெட்டி எறிந்த பிறகும் மூளையில் குறைந்தது வெறும் 20 விழுக்காடுதான். மீதி 60ம் அந்தக் கடைசிக் கால் துண்டுக்குள் இருக்கிறது. அதை ஒரே நாளில் விடும்போது 60இலிருந்து பூஜ்யத்துக்கு விழுகிறோம். குளத்துப் படியில் இறங்குகிறவருக்கு மேல்படிகள் எல்லாம் தாழ்வாக, சுகமாக இருக்கும். தண்ணீருக்குள் மறைந்திருக்கும் கடைசிப் படியைத் தாண்டினால் ஆள் மூழ்கும் ஆழம்.

மூளைக்கு ஒரே அளவான படிகளாக அமைய வேண்டும் என்றால் மருந்து எப்படி இறங்க வேண்டும்? 50 விழுக்காட்டுக்கு 3.4 மில்லிகிராம், 40க்கு 2.3, 30க்கு 1.5, 20க்கு 0.8, 10க்கு 0.4க்கும் குறைவு. பொடித் தூசி அளவு என்று நினைக்கும் இந்த மருந்து மூளையில் பத்தில் ஒரு பங்குக் கடத்தியைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்தக் கணக்கை மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர் 2019இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் எழுதினார்கள். ஹோரோவிட்ஸ் மனநல மருத்துவம் பயின்றவர், மனச்சோர்வு மருந்துகளைப் பற்றியே லண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். அவரே எஸ்சிட்டலோபிராமை விட முயன்று படாதபாடு பட்டவர். அந்தத் துறையையே படித்தவருக்கு அந்த நிலை என்றால், மருந்துக்கடையில் அட்டை வாங்கிச் சாப்பிடும் நம்மைப் போன்றவர்கள் தடுமாறுவதில் என்ன வியப்பு? 2020இல் பிரிட்டனின் மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி நோயாளிகளுக்கான வழிகாட்டியில் இந்தச் சிறுசிறு படி முறையைச் சேர்த்தது. 2022இல் அந்நாட்டின் நைஸ் அமைப்பும் தன் மனச்சோர்வு வழிகாட்டியில் படிப்படியான குறைப்பை வலியுறுத்தியது. நெதர்லாந்தில் பீட்டர் க்ரூட், ஜிம் வான் ஓஸ் ஆகியோர் முயற்சியில், நாளுக்கு நாள் அளவு குறையும் மாத்திரைகளைப் பொட்டலம் பொட்டலமாகச் சரமாகக் கோத்துத் தரும் வழக்கமே வந்துவிட்டது.

நம் ஊரில் அந்தச் சரம் கிடைக்காது. ஆனால் சில மருந்துகள் திரவமாகவும் கிடைக்கின்றன. குறைந்த மில்லிகிராம் மாத்திரைகளும் இருக்கின்றன. உங்கள் மருந்துக்கு எது பொருந்தும் என்று டாக்டரிடம் கேளுங்கள். டெஸ்வென்லாஃபாக்ஸின் போன்று மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை நீங்களாக உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

‘ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்க’ என்ற யோசனையும் நம்மிடம் பரவலாக இருக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எஸ்சிட்டலோபிராம் இரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 30 மணி நேரம் ஆகிறது. இரண்டு நாள் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கி மறுபடி ஏறும். பாராக்ஸெடினுக்கு அந்த நேரம் சுமார் 21 மணி. இரண்டு நாளில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். வென்லாஃபாக்ஸினுக்கு 5 மணி, அது உடைந்து வரும் பொருளுக்கு 11 மணி. இரண்டாம் நாள் ஏறக்குறைய காலி. ஆக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது குறைப்பது இல்லை, மூளையை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவது. ஃப்ளூவாக்ஸெடின் மட்டும் இதற்கு விலக்கு. அதுவும் அதன் வழிப்பொருளும் உடம்பில் வாரக்கணக்கில் தங்கித் தானாகவே மெல்ல இறங்கும். அதனாலேயே அதை விட்டவர்களுக்கு அறிகுறி சில வாரம் கழித்து வரலாம். வரும்போது மாத்திரை ஞாபகமே இருக்காது.

இன்னொரு குழப்பம்: நோய் திரும்பிவிட்டதா, மருந்து விட்டதன் விளைவா? அழுகையும் பதற்றமும் இரண்டிலும் வரும். இங்கேதான் கண் ஒரு நல்ல சாட்சியாகிறது. மனச்சோர்வு யாருக்கும் கண்ணைத் திருப்பினால் மண்டையில் ஷாக் அடிக்க வைப்பதில்லை. விளக்குக்கு வால் முளைக்க வைப்பதில்லை. மாத்திரையைக் குறைத்த சில நாட்களிலேயே இப்படி ஏதாவது தொடங்கி, பழைய அளவைத் திரும்ப எடுத்ததும் ஓரிரு நாளில் அடங்கினால், அது விலகலின் விளைவு என்று கொள்ளலாம். நோய் திரும்புவது பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் எடுத்து மெல்ல வருவது. எனக்கு டாக்டர் பழைய அளவையே மறுபடி தொடங்கச் சொன்னார். மூன்றாம் நாள் அந்தச் சுரீர் நின்றது. பிறகு எட்டு மாதம் எடுத்துக் குறைத்தோம். ஒரு நோட்டில் தேதி, அளவு, கண் எப்படி இருந்தது என்று மூன்று பத்தி போட்டு எழுதி வந்தேன். அடுத்த படி இறங்கலாமா, இதிலேயே இன்னும் இரண்டு வாரம் இருக்கலாமா என்று முடிவெடுக்க டாக்டருக்கு அந்த நோட்டு உதவியது.

இந்த அறிகுறிகள் இன்று கண்டுபிடித்தவை இல்லை. முதல் மனச்சோர்வு மருந்துகளில் ஒன்றான இமிப்ரமின் பயன்பாட்டுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1959இல், அதை நிறுத்தியவர்களுக்கு வரும் தொந்தரவுகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துவிட்டன. ஆனாலும் பல ஆண்டுகள் ‘லேசானது, ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும்’ என்றே எழுதி வந்தார்கள். பெரும்பாலோருக்கு அது உண்மைதான். 2024இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’யில் வந்த தொகுப்பாய்வு 79 ஆய்வுகளை, 21,000க்கும் அதிகமானோரைக் கணக்கில் எடுத்தது. மருந்தை நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கும், மருந்தில்லாத போலி மாத்திரையை நிறுத்தியவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் ஏதாவது ஓர் அறிகுறி வந்தது. கடுமையாக வந்தது சுமார் 3 விழுக்காட்டினருக்கு. அந்த ஆய்வுகளில் பலவற்றில் மருந்து சில மாதங்களே கொடுக்கப்பட்டிருந்தது என்ற விமர்சனமும் உண்டு; வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம். எப்படியானாலும், நூறு பேரில் மூன்று பேர் என்பது கோடிக்கணக்கானோர் சாப்பிடும் மருந்துக்குச் சிறிய எண்ணிக்கை ஆகாது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. என்னை எழுப்பி உட்கார வைத்தது அந்த மாத்திரைதான். நன்றாகத் தேறி, நிறுத்தலாம் என்று நினைத்த 478 பேரை இங்கிலாந்தில் ஓராண்டு கவனித்து 2021இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மருந்தை நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு திரும்பியது. தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. எப்போது நிறுத்துவது, நிறுத்தவே வேண்டுமா என்பதெல்லாம் நீங்களும் உங்கள் மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு. பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள்.

கண் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது, எதை நிறுத்தினீர்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். இதைப் படிப்பவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். கண்ணைக் காட்டப் போகும்போது, கடந்த மூன்று மாதத்தில் விட்டுவிட்ட, குறைத்த, மாற்றிய மாத்திரைகளின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.